மணிக்கட்டு வழியாக

வேன் அக்காவிடம் வழி கேட்பவர்கள் ஒரு வழியைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவர் மூன்று சொல்வார். ஈப்போ பேருந்து நிலையத்துக்கு எப்படிப் போவது என்று கேட்ட ஒரு வெளியூர்க்காரரை எங்கள் வீட்டு வாசலிலேயே நிறுத்திவைத்து, "பெரிய ரோட்டுல போனா ஆறு லைட்டு. பாசாருக்குப் பின்னால போனா ரெண்டு லைட்டு, ஆனா மீன் லோரி நிக்கும். சர்ச்சு பக்கத்து லோரோங் சந்துல போனா லைட்டே இல்ல, நாய் மட்டுந்தான். ஒங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டார். அந்த மனிதர் நாயைத் தேர்ந்தெடுத்தார்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அவர் வீடு. எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் வேன் அக்கா. என் அம்மாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா. நாற்பத்து நான்கு வயது, குள்ளமான உருவம். ஸ்டியரிங்குக்கு மேலே சாலை தெரிவதற்காக இருக்கையில் ஒரு தலையணை போட்டுக்கொள்வார். எங்கே போவதாக இருந்தாலும், கிளம்பும் முன் இருக்கிற எல்லா வழியும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு பெரும்பாலும் பெரிய ரோட்டிலேயேதான் போவார். தெரியாமல் போவதுதான் அவரால் முடியாது.

ஒரு பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதைக்கு வந்த கூட்டம் தேவாலயத்தைச் சுற்றி நெருக்கியடித்து நின்றது. பின்கதவு வழியாகப் போனால் நேரே எட்டாம் நிலையில் சேர்ந்துகொள்ளலாம் என்று அக்கா பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஃபாதர் காதில் விழுந்துவிட்டது.

"இதுக்கு மட்டும் வேற வழி பாக்காதம்மா. ஆண்டவரே இந்த வழியாத்தான் போனாரு."

அக்கா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். ஃபாதர் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, "அவருக்கு வேன் இல்ல லா" என்றார்.

அவருடைய வேலையைச் சொன்னால் சின்னதாகத் தெரியும். காலை ஐந்தேகாலுக்கு வேனை எடுப்பார். சுங்கை சிப்புட் சாலையில் வடக்கே போய் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக்குள் நுழைவார். அங்கே பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோர் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். லயம் என்று சொல்லப்படும் வரிசை வீடுகளில் ஒரே ஒரு வரிசை மிச்சம். அதில் ஒன்பது குடும்பங்கள், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பதினொரு பேர். அவர்களை ஏற்றிக்கொண்டுபோய் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த தமிழ்ப்பள்ளியில் இறக்குவார். அந்தப் பள்ளியில் மொத்தமே முப்பத்தாறு மாணவர்கள்.

வேறு இரண்டு வேன்காரர்கள் அந்தப் பாதையில் முயன்றுபார்த்துக் கைவிட்டிருந்தார்கள். தோட்டத்து வாசலில் கம்பெனி சங்கிலி போட்டிருந்தது. நேப்பாளத்து ஜாகா ஒருவர் காவல். தெரியாத வண்டிக்கு அவர் சங்கிலியை அவிழ்க்கமாட்டார். உள்ளே செம்மண் பாதை, அதுவும் மழை பெய்தால் இருக்காது. அக்கா அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பிரிவுகளில் எந்தக் காட்டுக்கு என்ன நம்பர், எதற்குள் லோரி போகும், எதற்குள் மாடுதான் போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒரு மழைக்காலத்தில் பாலத்தடிக் குழாயை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பதினேழாம் நம்பர் காட்டுக்குள் செம்பனை வரிசைகளுக்கு நடுவில் வேனை விட்டு, மணி அடிக்கும் முன் பள்ளிக்கூடம் சேர்த்தார். இந்தக் கதையை நான் ஐந்தாறு முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சேறு ஓர் அங்குலம் ஏறும்.

அன்று மத்தியானம் அவர் வீட்டு முன்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். சேறு முழுவதும் வண்டிக்கு வெளியே இருந்தது. அவர் கழுவிக்கொண்டிருந்ததோ உள்ளே, ஓட்டுநர் இருக்கையை. அதை என் அம்மா பார்த்துவிட்டார். தலையணை உறை வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது, தண்ணீர் சிவந்திருந்தது.

"எவ்ளோ நாளாக்கா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். எல்லாருக்கும் வர்றதுதானே."

"எல்லாருக்கும் இப்படி வராது. நாளைக்கே டாக்டர பாக்கப் போறீங்க."

பார்த்தார். கர்ப்பப்பையில் மூன்று கட்டிகள். புற்று இல்லை. ஆனால் பெரியதன் அளவு ஒரு சாத்துக்குடி. உடம்பில் ரத்தம் இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றும், அதன் பிறகு ஆறு வாரம் வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். வழக்கமாக எதையும் விடாமல் கேட்கிற அக்கா, அந்த அறையில் ஒன்றுமே கேட்காமல் திரும்பிவந்திருந்தார். கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

அன்று சாயங்காலம் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். நான் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன்.

"ஆறு வாரம். அந்தப் புள்ளைங்கள யாரு ஏத்துவா? ஒரு வாரம் வீட்டுல இருந்தா, அடுத்த வாரம் பக்கத்துக் கம்பத்துல இருக்கிற மலாய்ப் பள்ளில சேத்துருவாங்க. போன வருஷம் மூணு பேரு அப்படித்தான் போனாங்க. இந்தப் பதினொண்ணும் போயிட்டா அங்க பள்ளிக்கூடமே இருக்காது."

"அதுக்காக ரத்தத்த கொட்டிக்கிட்டே ஓட்டுவீங்களா?" என்றார் அம்மா.

"அதான் மிசிகிட்ட கேக்க வந்தேன்." மருத்துவமனைத் தாதியை எங்கள் ஊரில் மிசி என்பார்கள்.

"நான் மிசி இல்லக்கா. ரேடியோகிராஃபர்."

"சரி லா. எல்லாம் ஒரே சட்டைதானே."

ஒரே சட்டை இல்லை. நான் அப்போது ஈப்போவில் ஒரு மருத்துவமனையின் ஆஞ்சியோ அறையில் வேலை பார்த்தேன். உடலைத் திறக்காமல், ரத்தக் குழாய்களின் வழியாகவே உள்ளே போய்ச் சிகிச்சை செய்கிற அறை அது. எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்கி, டாக்டர் போகிற பாதையைத் திரையில் காட்டுவது என் வேலை. அக்காவின் கட்டிக்கு அந்த அறையிலும் ஒரு வழி இருந்தது. அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று அம்மா பின்னால் சொன்னார்.

விரல் விட்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். கட்டி வாழ்வது ரத்தத்தால். அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் இரண்டு, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மணிக்கட்டில் ஒரு சின்னத் துளை போட்டு, மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த இரண்டுக்குள்ளும் போய், நுண்மணல் மாதிரியான மணிகளை விட்டு அடைத்துவிட்டால், கட்டி சாப்பாடு இல்லாமல் சுருங்கும். கர்ப்பப்பை இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தாது. ஸ்கேன் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இத்தனையில் அக்கா பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்.

"மணிக்கட்டுலேர்ந்து வயித்துக்கா? எந்த வழியா?"

தேவாலயத்து அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினேன். கை, முழங்கை, தோள், நெஞ்சு. அங்கிருந்து கீழே இறங்கும் பெரிய குழாய், இடுப்புக்கு மேலே அது இரண்டாகப் பிரியும் இடம், அதிலிருந்து உள்ளே திரும்பும் சின்னக் கிளை. அக்கா கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டே வந்தார்.

"தோளுகிட்ட ஒரு வளைவு இருக்கு. அங்க தப்பான பக்கம் திரும்பிட்டா?"

"மூளைக்குப் போற குழாய் பக்கத்துல இருக்கு. அதுக்குத்தான் திரையில பாத்துக்கிட்டே போறது."

"அடோய்!" என்று அக்கா கைதட்டினார். "உள்ள இவ்ளோ ரோடு இருக்கா! நாப்பத்தி நாலு வருஷமா எனக்குத் தெரியாது பாரு."

எங்கள் டாக்டர் ஈப்போவிலேயே பிறந்த சீனர். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் 'அக்கா'. மற்றதெல்லாம் மலாய். நான் அழைத்துப்போன அக்கா எதிரில் உட்கார்ந்ததும், டாக்டர் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டார். மாத்திரை, வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை, மணிக்கட்டு வழி. ஒவ்வொன்றிலும் என்ன நன்மை, என்ன சிரமம், எத்தனை நாள் ஓய்வு என்று எழுதினார். அக்கா என் காதருகே குனிந்து, "நாலு! இந்த ஆளு நம்ம ஆளு லா" என்றார்.

டாக்டர் கடைசிக் கட்டத்தில் எழுதியதை நான் தமிழில் ஒருமுறை திரும்பச் சொன்னேன். முதல் நாள் வலி கடுமையாக இருக்கும். காய்ச்சல் வரலாம். களைப்பு நிச்சயம். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்வரை ஓய்வு. சிலருக்குக் கட்டி மறுபடி வளர்ந்து, கடைசியில் அறுவையே தேவைப்படுவதும் உண்டு.

"ஒரு வாரம்னு சொன்னாரா?"

"ஒண்ணுலேர்ந்து ரெண்டு."

"தவணை நடுவுல ஒரு வாரம் லீவு வருது. திங்கக்கெழம செஞ்சா, பின்னால சனி ஞாயிறும் சேத்து ஏழு நாள். போதும்."

ரத்தம் ஏற்றினார்கள், இரும்புச்சத்துக் கொடுத்தார்கள். ஸ்கேன் பொருத்தம் என்று சொன்னது. விடுமுறைத் திங்கட்கிழமை காலை அக்கா எங்கள் மேசையில் படுத்திருந்தார். இடது கை நீட்டியிருந்தது, மணிக்கட்டு மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போட்டிருந்தது. லேசான மயக்கம் கொடுத்திருந்தாலும் விழிப்பாகவே இருந்தார். தூங்கலாம் என்று சொன்னதற்கு, "வண்டி ஓடும்போது நான் தூங்கமாட்டேன்" என்று பதில் வந்தது.

எங்கள் இயந்திரத்தில் ஒரு பொத்தான் உண்டு. ரத்தக் குழாய்களின் படத்தை உறையவைத்து, அதன் மேல், குழாய்க்கு வழிகாட்டும் கம்பி நகர்வதைக் காட்டும். அதற்குப் பெயர் ரோட் மேப். அந்தப் பெயரைச் சொன்னதும் அக்கா தலையைத் தூக்கப் பார்த்தார், தாதி தோளை அமுக்கினார். "எனக்கும் தெரியிற மாதிரி திருப்பு மிசி" என்றார். திரையைக் கொஞ்சம் திருப்பினேன்.

கம்பி முழங்கையைத் தாண்டியது, தோளில் வளைந்தது, நெஞ்சில் இறங்கியது. அக்கா ஒவ்வொரு இடத்தையும் சொல்லிக்கொண்டே வந்தார். குழாய்களைத் திரையில் காட்டும் மருந்து பரவும்போது வயிற்றுக்குள் சுடுதண்ணீர் ஊற்றினாற்போல் இருக்கும் என்று எச்சரித்திருந்தேன். "கொதிக்கிற தே தாரே டீய ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். இடப்பக்கக் குழாய் சுருள் சுருளாக இருந்தாலும் கம்பி தடையில்லாமல் உள்ளே போனது. மணிகளை விட்டார்கள். கொஞ்ச நேரத்தில், மரம்போல் கிளைத்துத் தெரிந்த கட்டியின் பாதி திரையிலிருந்து மறைந்தது. இந்தக் காட்சியைப் பல முறை பார்த்திருந்தும், அன்று கால் பெருவிரலில் எம்பி நின்று பார்த்தேன்.

வலப்பக்கம் நின்றுவிட்டது. கம்பி வாசலைத் தொட்டவுடன் அந்தக் குழாய் சுருங்கி மூடிக்கொண்டது. டாக்டர் மீண்டும் முயன்றார். இன்னும் இறுகியது. ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் கட்டி மறுபக்கத்து ரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும். அப்புறம் வயிற்றைத் திறப்பதுதான், ஆறு வாரம்தான். அக்காவும் திரையைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"என்னா மிசி, ஜாமா?"

"குழாய் சுருங்கிருச்சுக்கா. தளர்றதுக்கு மருந்து விட்டிருக்காரு. பத்து நிமிஷம் காத்திருக்கணும்."

அக்கா மலாயில் டாக்டரிடம் பேசினார். "டாக்டர், ஒத்தையடிப் பாதையில முன்னால லோரி நின்னா ஹாரன் அடிக்கக்கூடாது. அடிச்சா இன்னும் நகராது. பின்னால போயி சும்மா நிக்கணும்."

முகமூடிக்குள் டாக்டர் சிரிப்பது தெரிந்தது. "அதைத்தான் செய்கிறேன், அக்கா" என்றார்.

கம்பியைப் பின்னுக்கு இழுத்து, கையை எடுத்துவிட்டு நின்றார். பத்து நிமிடம் எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். அக்கா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் உதடு அசைந்தது. செபம் சொல்கிறார் என்று நினைத்துக் குனிந்தேன். பதினொரு பிள்ளைகளின் பெயரையும் ஏறுகிற வரிசைப்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுபடி மருந்தைத் தெளித்துப் படம் எடுத்தபோது குழாய் திறந்திருந்தது. மெல்லிய கோடுதான், ஆனால் திறந்த கோடு. கம்பி மெதுவாக நுழைந்தது. "போவுது, போவுது, போவுது!" என்று அக்கா சொன்னது வெளி நடைபாதைவரை கேட்டதாம்.

வலி அன்று மத்தியானமே வந்தது. டாக்டர் சொன்னதைவிடக் கடுமையாக வந்தது. மருந்துப் பம்பின் பொத்தானை அமுக்கிக்கொண்டே, "ஓட்ட சின்னதுதானே, வலி எப்படி இவ்ளோ பெருசா இருக்கு?" என்று கேட்டார். மறுநாள் வலி தணிந்து வீட்டுக்குப் போனார். அங்கேதான் சிக்கல்.

எங்கள் ஆட்களிடம் நோயாளியைப் பார்க்கப் போவது ஒரு கடமை. மால்ட்டு டின், ஆரஞ்சுப் பழம், குளுக்கோஸ் பொட்டலத்துடன் வந்து, "தையல் எத்தன?" என்று கேட்பார்கள். தையலின் எண்ணிக்கையை வைத்துத்தான் நோயாளிக்கு எத்தனை நாள் படுத்திருக்க உரிமை உண்டு என்பது முடிவாகும். புதன்கிழமை காலை கம்பாரிலிருந்து அக்காவின் நாத்தனார் குடும்பம் ஒன்பது பேராக வந்தார்கள். அக்கா கையை நீட்டினார். மணிக்கட்டில் ஒரு சின்னப் பிளாஸ்திரி.

"இவ்ளோதானா? மாத்திர போட்டிருந்தாலே சரியாயிருக்குமே" என்றார் நாத்தனார்.

"ரத்த தானம் குடுத்தா இதவிடப் பெரிய பிளாஸ்திரி ஒட்டுவாங்க" என்றார் அவர் கணவர்.

அக்காவும் சிரித்தார். எல்லாரிடமும் 'ஒரு ஊசி ஓட்டைதான்' என்று பெருமையாகச் சொல்லிவைத்தவர் அவரேதான். எழுந்துபோய் ஒன்பது பேருக்கும் தோசை சுட்டார். அக்காவின் கணவர் ஷிஃப்ட் வேலைக்குப் போயிருந்தார். நான் மத்தியானம் எட்டிப்பார்த்தபோது அக்கா அடுப்படிச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நெற்றி சுட்டது. முன்கூடத்தில், "சட்னி இருக்காக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரைத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர்பார்த்த காய்ச்சல்தான், மருந்து கொடுத்துப் படுக்கவைக்கச் சொன்னார். கூடினாலோ குளிர் நடுக்கம் வந்தாலோ உடனே கொண்டுவர வேண்டும். நான் மருந்து கொடுத்தேன். அதன் பிறகு செய்தது எந்தப் பாடத்திலும் இல்லை. என் பையிலிருந்த அகலமான கட்டுத்துணியை எடுத்து, அக்காவின் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஐந்து சுற்று, தளர்வாக, ஆனால் தடிமனாகத் தெரியும்படி கட்டினேன். அம்மாவின் சால்வையால் கழுத்திலிருந்து கையைத் தொங்கவிட்டேன்.

அக்கா முன்கூடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றது. "ஐயோ, உள்ள இவ்ளோ பெருசா?" என்று நாத்தனார் எழுந்தார். ஐந்து நிமிடத்தில் அவர் அடுப்படியில் இருந்தார், அக்கா படுக்கையில் இருந்தார். அவர்கள் தங்கிய மூன்று நாளும் அந்த வீட்டில் அக்கா ஒரு தம்ளரைக்கூடக் கழுவவில்லை. கட்டுத்துணியின் வேலையைப் பார்த்து எனக்குப் பெருமையாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை மருத்துவமனையில் காட்டினோம். காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் இன்னும் ஒரு வாரம் ஓட்டக்கூடாது என்றார் டாக்டர். ஏழு நாள் கணக்கு உடைந்தது. அக்கா வாதாடவில்லை. லூமுட்டில் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று வேன் ஓட்டும் ஒருவர் அடுத்த தாமானில் இருந்தார். மத்தியானப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுபவர், காலையில் சும்மா இருப்பவர். அக்கா அவரைக் 'கப்பல்' என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் போனோம்.

"தோட்டத்துக்குள்ளயா? எனக்குத் தார் ரோடு வேணுங்கா. தண்ணி வேணும்னாலும் பரவால்ல. சேறு வேணாம்."

"ஒரு வாரந்தான் கப்பல். நான் பக்கத்துல உக்காந்து வழி சொல்றேன்."

"ஒங்க வாய கேட்டுக்கிட்டேவா?" என்றவர் கொஞ்சம் யோசித்து, "சரி, வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது அக்காவின் கைப்பேசியில் லயத்துப் பெற்றோர் குழுவிலிருந்து ஒரு குரல் செய்தி. ஒரு தாய் பேசினார். "அக்காவுக்குக் கைய வெட்டி ஆபரேஷனாம், கம்பார்ல சொன்னாங்க. கட்டு தோளு வரைக்கும் இருக்காம். இனிமே வேன் ஓட்ட மாட்டாங்களாம். நாங்க மூணு குடும்பம் கம்பத்துப் பள்ளில சேக்க ஃபாரம் எடுத்துட்டோம். நாளைக்குக் குடுக்கப் போறோம்."

அக்கா இரண்டு முறை கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கட்டுத்துணியின் முனையைத் தேடிப்பிடித்து, சுற்றுச் சுற்றாக அவிழ்த்து, மடித்து என் கையில் கொடுத்தார்.

"ஒன் காரு எங்க இருக்கு?"

நான் ஓட்டினேன். அக்கா பக்கத்து இருக்கையில். வழியில் அவர் ஒரு குறுக்கு வழிகூடச் சொல்லவில்லை. தோட்டத்து வாசலில் ஜாகா என் காரைப் பார்த்துக் கையைக் குறுக்கே நீட்டினார். அக்கா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டியதும் சங்கிலி விழுந்தது.

லயத்து முன்னால் ஐந்தாறு பெண்கள் தண்ணீர்க் குழாயருகே நின்றிருந்தார்கள். அக்கா காரிலிருந்து இறங்கியதும் எல்லாரும் முதலில் பார்த்தது கையைத்தான்.

"எங்கக்கா கட்டு?" என்று கேட்டவர், குரல் செய்தி அனுப்பிய தாய்.

"கட்டு பொய். பாத்துக்க." அக்கா மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். பிளாஸ்திரியும் இல்லை. கொசு கடித்தது மாதிரி ஒரு புள்ளி.

"அப்ப ஆபரேஷனே நடக்கலியா?"

"நடந்துச்சு. இந்தப் புள்ளி வழியாத்தான் நடந்துச்சு." அவர் அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். முழங்கை, தோள், நெஞ்சு என்று விரலைக் கொண்டுபோய், அடிவயிற்றில் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை நிறுத்தினார். என்ன வியாதி, எவ்வளவு ரத்தம், எத்தனை வருடம் என்று, பெண்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற எல்லாவற்றையும் குழாயடியில் நின்று உரக்கச் சொன்னார். வலப்பக்கத்தில் நின்று போன பத்து நிமிடத்தைச் சொன்னபோது ஒருவர் வாளி நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"வலி இருந்துச்சு. இப்பவும் களைப்பா இருக்கு. அடுத்த திங்க நானே ஓட்டுவேன். இந்த வாரம் வேற ஆளு ஓட்டுவாரு, நான் பக்கத்துல இருப்பேன். ஆறு மணிக்கு வேன் இங்க நிக்கும். ஃபாரத்த குடுக்கறதும் குடுக்காததும் ஒங்க இஷ்டம்."

திரும்பி வரும்போது அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். "கட்டு கட்டினது சிலாப் இல்ல மிசி. அது இல்லன்னா அன்னிக்கி நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்" என்றார். அது தப்புதான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை எனக்கு வேலை மத்தியானம்தான். நானும் வேனில் ஏறிக்கொண்டேன். கப்பல் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துச் செம்மண் பாதையில் அங்குலம் அங்குலமாகப் போனார். "ரைட்டுல ஒதுங்குங்க. இன்னும். பயப்படாதீங்க, முங்காது" என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி வளைவு வந்ததும் பேச்சை நிறுத்தினார். முன்கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

வேன் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. நான் எண்ணினேன். பதினொன்று.

பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். எல்லாரும் ஏறிய பிறகும் கதவுக்கு வெளியே ஒருவர் நின்றார். குரல் செய்தி அனுப்பிய அந்தத் தாய். தோய்த்து மடிப்புக் கலையாத சேலை, கையில் அடையாள அட்டையும் ஒரு பழைய மருத்துவமனைச் சீட்டும்.

"அக்கா, புள்ளைங்கள எறக்கிட்டு ஈப்போவுக்குத்தானே போறீங்க?"

"ஆமா."

"எனக்கும் ஒங்கள மாதிரிதாங்க்கா. மூணு வருஷமா."

அக்கா இருக்கையில் முழுவதும் திரும்பி, பின்னால் ஒரு பையனின் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் காட்டினார்.

"ஏறு. இங்க உக்காரு. மொதல்ல ஸ்கேன் எடுக்கணும். ஒனக்கு எது பொருந்தும்னு டாக்டரு நாலா பிரிச்சு எழுதுவாரு. எல்லாத்தையும் கேளு. கூச்சப்படாத, நான் கூட இருக்கேன்."

அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினார். கப்பல் கியரைப் போட்டார்.